பித்தவெடிப்புக்கு எது: மருதாணியா, விளக்கெண்ணெயா, தேன்மெழுகா?

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில்தான் நெல்லைச் சீமையில் குதிகால் அதிகம் வெடிக்கும். மழையை மலையிலேயே இறக்கிவிட்டு வெறுங்காற்றாக இந்தப் பக்கம் வீசும் மேல்காற்று தோலின் ஈரத்தை இழுத்துவிடுகிறது. கார் நடவுக்குச் சேற்றில் ஊறி, வரப்பேறிக் காய்கிற கால் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் அத்தைக்கு வயல் வேலை, எனக்கு நாள் முழுக்க நின்று பார்க்கிற வேலை. இரண்டு பேருக்கும் வெடிப்பு உண்டு. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்த பிறகு இப்போது வீட்டில் இருப்பது தேன்மெழுகுக் களிம்பு ஒன்றுதான்.

மருதாணியும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போடுவது எல்லாரும் அறிந்தது. எரிச்சலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். பற்று காய்ந்து இறுகும்போது ஏற்கெனவே வறண்ட தோல் இன்னும் இழுக்கும். கடையில் விற்கும் கறுப்பு மருதாணியில் பிபிடி என்னும் சாய ரசாயனம் கலந்திருக்கும்; திறந்த வெடிப்பில் அதை வைக்கவே கூடாது.

விளக்கெண்ணெய் நல்ல மருந்து. உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பி உண்டு, எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. அதனால் எண்ணெயை நாம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் வெறும் எண்ணெய் குதிகாலில் தங்குவதில்லை. பாதி போர்வைக்கும் மீதி தரைக்கும் போய்விடும். பத்தமடைப் பாயில் படுக்கிற வீடென்றால் அந்தக் கறை லேசில் போகாது. டைல்ஸ் போட்ட வீட்டில் வயதானவர்களுக்கு ஆபத்தும்கூட. “ராத்திரி எந்திரிச்சா வழுக்குதுல்லா” என்று அத்தை எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்ததற்கு அதுதான் காரணம்.

எந்த மருந்து உயர்ந்தது என்பதை விட, எதை ஒவ்வொரு இரவும் அலுக்காமல் போடுவோம் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. வெடிப்பு ஒரே நாளில் மூடாது. தினமும் அரைக்க வேண்டும், துணி கட்ட வேண்டும், விடிந்ததும் போர்வையை ஊறவைக்க வேண்டும் என்றால் நாலாம் நாள் விட்டுவிடுவோம். தேன்மெழுகு ஜெயிப்பது இங்கேதான். ஒரு பங்கு மெழுகு, நாலு பங்கு எண்ணெய். நான் விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் சரிபாதி எடுப்பேன். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும், நேரடித் தீ வேண்டாம். மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் சித்திரை வெயிலிலும் டப்பாவுக்குள் கெட்டியாகவே இருக்கும். மார்கழியில் கல்லாக இறுகினால் அடுத்த முறை எண்ணெயை அஞ்சு பங்காக்கினால் போதும். தண்ணீர் சேராததால் எளிதில் பூஞ்சை பிடிக்காது. ஈரக் கையை மட்டும் உள்ளே விடக்கூடாது. சிக்கு வாடை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

போடும் முறையும் முக்கியம். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காயும் முன்னே பூச வேண்டும். மெழுகு தானாக ஈரம் தராது, உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் மூடி வைக்கும். மேலே பழைய பருத்தி சாக்ஸ் ஒன்று மாட்டிக்கொண்டால் போர்வையும் பிழைக்கும், தரையும் பிழைக்கும். மெழுகு வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். தேன் வாசம் இல்லாத வெள்ளைக் கட்டி பெரும்பாலும் மெழுகுவத்திக்கான பாரஃபின்தான்.

ஆயுர்வேதத்தில் விபாதிகா எனப்படும் வெடிப்புக்குச் சொன்ன ஜீவந்த்யாதி யமகம் என்னும் பூச்சு மருந்திலும் நெய், எண்ணெயோடு தேன்மெழுகும் குங்கிலியம் என்னும் மரப்பிசினும் சேர்கின்றன. அதில் துத்தம் என்னும் நச்சுத்தன்மை உள்ள செம்பு உப்பும் உண்டு, ஆகவே வீட்டில் செய்து பார்க்கிற சரக்கு இல்லை. சித்த மருத்துவத்தின் குங்கிலிய வெண்ணெயை நான் கொஞ்ச நாள்தான் போட்டிருக்கிறேன். இதமாக இருந்தது, ஆழமான வெடிப்பை மூடுமா என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே காட்டிக் கேட்பது நல்லது.

மருந்துக்கடை யூரியா களிம்பையும் குறை சொல்ல மாட்டேன். தோல் தடித்துக் காய்ப்பாகிவிட்டால் மெழுகை விட அதுதான் சீக்கிரம் இளக்கும். திறந்த வெடிப்பில் பட்டால் சுரீரென்று எரியும், அதுதான் தொல்லை.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. சூடும் வலியும் தெரியாத காலை வெந்நீரில் வைப்பதோ, பிளேடால் சீவுவதோ கூடாது. சின்ன வெடிப்பானாலும் நேரே மருத்துவரிடம் போய்விட வேண்டும். ரத்தமோ சீழோ வந்தால் மற்றவர்களுக்கும் அதேதான். விரலிடுக்கில் அரிப்போடு வெளுத்திருந்தால் அது சேற்றுப்புண், அங்கே மெழுகைப் பூசி ஈரத்தைப் பூட்டினால் இன்னும் பரவும்.