பலாலியால் பறப்பது: அம்மாவோடு போய்வந்த அனுபவம்

அம்மாவின் இருதயச் சோதனைக்காக வருடத்துக்கு ஒரு தடவையாவது சென்னை போகவேண்டும். அதனால் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தை 2019 கடைசியில் இருந்து, இடையில் மூடிக்கிடந்த காலம் போக, தொடர்ந்து பாவித்து வருகிறோம். “உது என்ன எயார்போட், பஸ் ஸ்ராண்ட் மாதிரி” என்று வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

முந்தி எப்படிப் போனோம் என்று அவர்களுக்குத் தெரியாது. பின்னேரம் வான் பிடித்து, இரவு முழுக்க றோட்டில் கிடந்து, விடியப்புறம் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கவேண்டும். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். பாதி வழியில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டும்போதே அம்மாவின் கால் வீங்கிச் செருப்பு ஏறாது, நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவவைத் தாங்கிப் பிடித்தபடி கழிவறைக்குக் கூட்டிப் போவேன். அதெல்லாம் பட்டு, பிறகு சென்னைக்குப் பறப்பது ஒரு மணித்தியாலத்துச் சொச்சம். பலாலியில் இருந்தும் பறக்கிற நேரம் கிட்டத்தட்ட அதேதான். மிச்சமாவது அந்த இரவும் அந்த றோட்டும். யாழ்ப்பாணம் நகரத்தில் இருந்து பலாலி ஒரு 16 கிலோமீற்றர், வீட்டில் புட்டுச் சாப்பிட்டு, மருந்தைப் போட்டுவிட்டு ஆறுதலாக வெளிக்கிடலாம்.

2019 ஒக்ரோபர் 17 சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள், நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது, 2020 மார்ச்சில் கொவிட்டோடு நின்றது. திரும்பத் தொடங்க 2022 டிசம்பர் 12 ஆகிவிட்டது. அந்த நடு 2022 இல், டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற காலத்தில், அம்மாவைக் கட்டுநாயக்காவுக்குக் கொண்டுபோக ஒரு வான் கிடைக்காமல் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அப்போதுதான் பலாலியின் அருமை வடிவாக விளங்கியது.

சரி, இப்போது எப்படி இருக்கிறது? சின்ன இடம்தான், ஆனால் வயதானவர்களுக்கு அந்தச் சின்னதுதான் வசதி. குடிவரவு, சுங்கம் எல்லாம் கூப்பிடு தூரத்தில், நீண்ட நடை கிடையாது. உள்ளே வாங்கிச் சாப்பிடலாம் என்று நம்பிப் போகாமல் வீட்டில் வயிற்றை நிரப்பிக்கொண்டு போங்கள். வருவது ஏ.ரி.ஆர்.-72 என்ற விசிறி விமானம், எழுபது சொச்சம் பேர் போகலாம், பின்கதவால் ஏறவேண்டும். பெரிய விமானத்து ஏணி மாதிரி உயரம் இல்லை, குட்டிப் படிதான். முழங்கால் நோ உள்ள அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறிவிடுவா. முன்பக்க ஆசனம் கிடைத்தால் உள்ளே நீளத்துக்கு நடக்கவேண்டி வரும், நான் எப்போதும் பின்பக்கம்தான் கேட்பேன்.

ரிக்கெற் போடும்போது பொதி நிறையை நீங்களே கேட்டு உறுதிப்படுத்துங்கள். எங்களுக்கு ரிக்கெற் போட்ட இடத்தில் சொன்ன கணக்கு ஒன்று, பயணத்தன்று இருந்த கணக்கு வேறு. அக்காவுக்குக் கொண்டுபோன மிளகாய்த்தூளையும் ஒடியல் மாவையும் எடுத்து வழியனுப்ப வந்த தம்பியிடம் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது. மாரி காலத்தில், ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை, வைத்தியருடைய நாளுக்கு முதல்நாளே போய்ச் சேருகிற மாதிரிப் பாருங்கள். ஒருமுறை மழை இருட்டில் எங்கள் விமானம் மணிக்கணக்காகப் பிந்தி, சென்னையில் பதிவு செய்த நேரம் போய்விட்டது. மழையை யாரும் ஒன்றும் செய்ய ஏலாது, ஒரு நாள் கையில் இருந்தால் பதற்றம் இல்லை. மதுரைப் பக்கம் போகிறவர்கள் திருச்சிச் சேவையையும் பாருங்கள், அது 2025 மார்ச் 30 இல் தொடங்கியது. சென்னைக்கு 2024 செப்டெம்பரில் இன்னொரு நிறுவனமும் வந்தபிறகு நாள் தெரிவு செய்ய இடம் கிடைத்திருக்கிறது.

இன்னொன்று. அம்மாவின் ஊர் பலாலிக்குப் பக்கத்து வசாவிளான். 1990 இல் சண்டையால் உடுத்த துணியோடு வெளிக்கிட்டவ, இராணுவத்திடம் போன காணி இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. இந்த விமானத்தில் செட்டை யன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே ஒன்றும் மறைக்காது. கடல் முடிந்து கரை வரும், பிறகு செம்மண்ணும் பனையும், சக்கரம் இறங்குவது கூட யன்னலால் தெரியும். முதல் தடவை அம்மா நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, “தம்பி, உந்தப் பக்கம்தான் எங்கட கிணறு” என்றா. எனக்குப் பற்றை மட்டும்தான் தெரிந்தது. அதன்பிறகு யன்னல் ஆசனம் அவவுக்குத்தான்.

ஓடுபாதையை நீட்டிப் பெரிய விமானம் கொண்டுவரவேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். வரட்டும், ஆனால் அதற்காக இராணுவம் இன்னும் விடாத சனத்தின் காணிக்குள் ஒரு முழம்கூடப் போகக்கூடாது. என்னைக் கேட்டால் இதே சின்ன விமானம் விடிய ஒன்று, பின்னேரம் ஒன்று என்று தவறாமல் பறந்தால், காலையில் போய் அன்றே வைத்தியரைப் பார்க்கலாம். அம்மாவைப் போல நோயாளிகளுக்கு முதலில் வேண்டியது அதுதான்.