நர்ஸ் வேலைக்கு விடுமுறை விசா: ராமநாதபுரத்தில் நான் பணம் கட்டிய ஏஜென்சி

ராமநாதபுரம் டவுனில் உள்ள ஒரு விசா ஏஜென்சி, பெயர் வேண்டாம். 5க்கு 2 கொடுக்கிறேன், அந்த 2ம் அங்கே சர்டிஃபிகேட் சரிபார்க்கும் அக்காவுக்காகத்தான்.

எனக்கு ஊர் மண்டபம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து நாலு வருஷமாகத் தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவில் இருக்கிறேன். ஒரு வருஷம் ஊரும் சுற்றலாம் வேலையும் பார்க்கலாம் என்கிற ஆஸ்திரேலியாவின் 462 விசா 2024ல் இந்தியர்களுக்கும் திறந்தபோது, அந்த ஆபீஸ் அண்ணன், "உனக்கென்ன தங்கச்சி, இறங்கின மறுவாரமே ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை" என்றார். அம்மாவின் வளையலை அடகு வைத்து 18,000 ரூபாய் கட்டினேன்.

அவர் சொல்லாமல் விட்டது நிறைய. இந்தியாவுக்கு வருஷத்துக்கு 1,000 இடம்தான், அதுவும் கம்ப்யூட்டர் குலுக்கல். பெயர் கொடுக்க 25 ஆஸ்திரேலிய டாலர், 18 முதல் 30 வயதுக்குள் இருக்கிற யாரும் வீட்டில் உட்கார்ந்தே கொடுக்கலாம், ஏஜென்ட் வழியாகப் போனால் வாய்ப்பு கொஞ்சமும் அதிகமாகாது. இதைவிடப் பெரிய விஷயம், விசா கிடைத்துவிட்டால் நர்ஸ் ஆகிவிட முடியாது. அங்கே நர்ஸ், டாக்டர்களைப் பதிவு செய்யும் அஃப்ரா என்கிற அமைப்பில் பதிவு இல்லாமல் நர்ஸ் என்று சொல்லிக்கொள்வதே சட்டப்படி தப்பு. இங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு என்கிளெக்ஸ் என்கிற நர்சிங் தகுதித் தேர்வு எழுதி, அடிலெய்டு போய் ஓஸ்கி என்கிற செய்முறைத் தேர்விலும் பாஸாக வேண்டும். விசாவுக்கு ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வில் சராசரியாக 4.5 போதும், பதிவுக்கோ கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் 7 வேண்டும். பதிவு இல்லாமல் போனால் முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை கிடைக்கலாம். கௌரவமான வேலைதான், ஆனால் அதைச் சொல்லித்தானே பணம் வாங்கியிருக்க வேண்டும்?

அந்த அக்காவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டிகிரியில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. ஸ்கேலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிறுத்தி, "இது ரெண்டும் ஒரே ஆள்தான்னு இப்பவே எழுதி வாங்கிக்கம்மா, எந்த நாட்டுக்குப் போனாலும் கேப்பாங்க" என்றார். நாலு வருஷமாக என் கண்ணில் படாதது அது.

குலுக்கலில் பெயர் வரவில்லை. பணத்தைக் கேட்டேன். ரசீதை எடுத்துப் பாருங்கள் என்றார்கள், ஆலோசனைக் கட்டணம் என்று ஒரே வரி, நர்ஸ் என்ற வார்த்தையே அதில் இல்லை. நானும் வாசிக்காமல்தான் பைக்குள் வைத்திருக்கிறேன்.

வளைகுடாப் பக்கம் போக நினைக்கிறவர்கள் முதலில் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். தனியார் ஏஜென்சி என்றால் மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் லைசென்ஸ் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு அவர்கள் ஆபீஸ் மாடி ஏறுங்கள். நான் இப்போது நைட் டூட்டி முடிந்து வந்து என்கிளெக்ஸுக்குப் படிக்கிறேன், வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.