புதுப் பாகம் மாட்டுவது எளிது, பழையதைக் கழற்றுவதுதான் வேலை: பழைய காரை நானே பார்த்துக்கொண்ட அனுபவம்

நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்களை மாதிரி நானும் என் பழைய காரை நானே பார்த்துக்கலாம்னு இருக்கேன். டூல்ஸ் வாங்கலாமா, இல்ல வண்டியை வித்துடவா?" போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதோடு, முன்பக்கப் பிரேக் வேலையை இப்போதுதான் முடித்திருக்கிறேன். விரல் முட்டியில் தோல் உரிந்த இடம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபமும் இதில் தெரியும்.

ஆயில், ஏர் ஃபில்டர், வைப்பர், ஸ்பார்க் பிளக், பேட்டரி டெர்மினல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எந்த கிரேடு ஆயில், எவ்வளவு ஊற்ற வேண்டும், எவ்வளவு டார்க் (போல்ட்டை இறுக்க வேண்டிய முறுக்கு விசை) என்று கையேட்டில் இருக்கும். பொறுமையாகப் படித்தால் யாரும் செய்யலாம். பிளக்கை மட்டும் எஞ்சின் ஆறிய பிறகு கழற்றுங்கள். புதியதை முதல் சில சுற்று வெறும் விரலால் திருகி ஏற்றுங்கள், எஞ்சினின் அலுமினிய ஹெட்டில் மரை போனால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை. இன்னொன்று: ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஜாக் தூக்குவதற்கு, ஸ்டாண்டுதான் தாங்குவதற்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் கார் வேலை செய்வதைப் பற்றிய விளக்கங்களில் ஒரு போல்ட்டைக் கழற்றுவது அரை நிமிடத்தில் முடிந்துவிடும். "இந்த இரண்டு போல்ட்டைக் கழற்றுங்கள், பழையதை எடுங்கள், புதியதைப் பொருத்துங்கள்" என்று போகும். புதிய வண்டியில் அது உண்மைதான். வயதான வண்டியில் மொத்த நேரமும் அந்த முதல் வரியிலேயே போய்விடுகிறது. புது பிரேக் டிஸ்க்கையும் பேடையும் மாட்ட எனக்கு ஆன நேரம் மிகக் கொஞ்சம். பழைய டிஸ்க்கைக் கழற்றத்தான் இரண்டு நாளும் போயின.

காரணம், டிஸ்க்கை ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தோடு) பிடித்திருக்கும் இரண்டு சின்னத் திருகாணிகள். பல கார்களில் இவை உண்டு. வண்டி ஓடும்போது டிஸ்க்கை இறுக்கிப் பிடிப்பது சக்கரத்தின் நட்டுகள்தான். இந்தத் திருகாணிகளின் வேலை, சக்கரம் இல்லாத நேரத்தில் டிஸ்க் கழன்று ஆடாமல் வைத்திருப்பது மட்டுமே. அவ்வளவு சின்ன வேலைக்கு இருக்கும் அவை, பிரேக்கின் சூட்டையும் மழைத் தண்ணீரையும் வருடக்கணக்கில் வாங்கி, தலை டிஸ்க்கோடு ஒட்டி, மரை ஹப்போடு ஒட்டிக் கிடக்கும். ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினால் முனை வழுக்கி மேலே ஏறும், தலையின் பள்ளம் மழுங்கும். அப்புறம் பெரும்பாலும் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். இந்த இடத்தில் அறுகோணத் தலை வைத்த போல்ட்டைப் போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கத் தோன்றுகிறது.

இதைக் கழற்ற ஒரு முறை இருக்கிறது, அவசரப்பட்டால்தான் அது பலிக்காது. முதலில் கம்பி பிரஷ்ஷால் தலையின் பள்ளத்தில் இருக்கும் துருவை நன்றாகச் சுரண்டி எடுக்க வேண்டும், பிட் அடிவரை உட்காராவிட்டால் மற்றதெல்லாம் வீண். பிறகு துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஊற விட வேண்டும். பழைய பேடும் டிஸ்க்கும் எப்படியும் போகப் போகின்றன என்பதால் அவற்றின் மேல் எண்ணெய் பட்டால் கவலையில்லை, புதியவற்றின் மேல் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. அடுத்த நாள் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர். அடிக்கும்போதே கொஞ்சம் திருகும் வகை அது. அடி விழும்போது பிட் பள்ளத்துக்குள் அழுந்துகிறது, அதே நொடியில் திருகலும் கிடைக்கிறது. முதல் சில அடியில் ஒன்றும் நடக்காது. அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். துரு உடைந்த சத்தம் அது. கேட்டுப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

போல்ட்டுகளுக்கும் இதே ஒழுங்குதான். பன்னிரண்டு முனை சாக்கெட்டைத் தூக்கி வைத்துவிட்டு ஆறு முனை சாக்கெட்டை எடுங்கள். அது மூலையைப் பிடிக்காமல் பக்கத்தைப் பிடிப்பதால் தலை மழுங்குவது குறையும். முதலில் மிக லேசாக இறுக்கும் பக்கம் ஒரு அழுத்து, பிறகு கழற்றும் பக்கம். நகரத் தொடங்கியதும் ஒரே மூச்சில் சுற்றி எடுக்கக் கூடாது. அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, கொஞ்சம் எண்ணெய், மறுபடி அரைச் சுற்று. துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும் பொருள். உடைந்த துருத்தூள் மரையின் இடுக்கில் அடைத்துக்கொண்டால், பாதி வந்த போல்ட்டே இறுகி முறிந்துவிடும்.

எனக்கு அதிகம் பயம் பிரேக்கின் பிளீடிங் நிப்பிளை, அதாவது பழைய பிரேக் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றத் திறக்கும் திருகைப் பார்த்தால்தான். நடுவில் ஓட்டை உள்ள சின்னத் துண்டு, அதனால் பலமும் குறைவு. ரப்பர் மூடி காணாமல் போயிருந்தால் உள்ளே துருவும் அழுக்கும் சேர்ந்திருக்கும். இருந்தும் தொட்டே ஆக வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. டாட் 4 வகைக்குத் தர அளவுப்படி புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் அந்தக் குறைந்தபட்சம் 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போதுதான் அந்த வித்தியாசம் காலில் தெரியும். பேட் மாற்றும் ஒவ்வொரு தடவையும் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து மூடி, சுத்தமான ரப்பர் மூடியைப் போட்டு வையுங்கள். அடுத்த தடவை கைகொடுக்கும்.

இப்போது கோபத்தின் இன்னொரு பாதி. என் வண்டியில் துருவை விட அதிகம் தொல்லை கொடுத்தது, எனக்கு முன்னால் அதைத் தொட்ட கைகள். நான் சொந்தமாகத் தொடங்கும் முன்பு வண்டி போய்வந்த ஒர்க்‌ஷாப்களில் எல்லா நட்டையும் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். பல சின்ன கார்களுக்கு சக்கர நட்டை இறுக்க வேண்டிய டார்க் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். முப்பது சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 34 கிலோ எடை அழுத்தினால் அந்த அளவு வந்துவிடும். துப்பாக்கி அதைப் போலப் பல மடங்கு இறுக்கிவிடக்கூடும். விளைவு, வண்டியோடு கொடுத்த ஸ்பேனரின் மேல் ஏறி நின்றால்கூட நட்டு அசையாது. ராத்திரியில் சாலையோரம் டயர் பஞ்சராகி நிற்பவர் என்ன செய்வார்? இதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் பக்கமும் ஒன்று உண்டு. மெக்கானிக்குக் கூலி வேலைக்குத்தான், நேரத்துக்கு இல்லை. ஒரு போல்ட்டை ராத்திரி முழுக்க ஊற விட்டுவிட்டு, அடுத்த வண்டியை வெளியே நிறுத்தி வைக்க அவரால் முடியாது. லிஃப்ட்டில் ஏறிய வண்டி மாலைக்குள் இறங்கியாக வேண்டும். காற்றுத் துப்பாக்கியும், போல்ட்டை நெருப்பால் சூடாக்குவதும் அதற்காகத்தான். பழைய போல்ட் கேட்பது பலத்தை அல்ல, நேரத்தை. அந்த நேரம் அவரிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது. சொந்தமாகச் செய்வதன் முழு லாபமும் இங்கேதான் என்று நான் நினைக்கிறேன். மிச்சமாகும் கூலி அதற்கு அடுத்ததுதான்.

இதற்கு, சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ் ஒரு நல்ல உதாரணம். புஷ் என்பது இரும்புக் குழாய்க்குள் ஒட்டிய ரப்பர். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது அந்த ரப்பர் முறுக்கிக் கொடுக்கிறது. வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போது ஆர்ம் கீழே சரிந்திருக்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கிய நொடியிலிருந்தே ரப்பர் முறுக்கிய நிலையில்தான் வாழும். சீக்கிரம் கிழிந்துவிடும். பல கார்களின் சர்வீஸ் கையேடுகள் இந்த போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே கடைசியாக இறுக்கச் சொல்கின்றன. தரையில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையை நீட்டி டார்க் ரெஞ்சை வைப்பது சிரமமான வேலை, நேரமும் பிடிக்கும். அதனால்தான் அந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். என் வண்டியில் கூலி கொடுத்து மாற்றிய புஷ் சீக்கிரமே கடகடவென்று தட்டத் தொடங்கியது. நானே தரையில் இறக்கி இறுக்கியது இன்று வரை சத்தமில்லாமல் இருக்கிறது.

பிளாஸ்டிக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எஞ்சின் சூட்டில் வருடக்கணக்கில் இருந்த வயர் கனெக்டரின் பூட்டு, கிளிப், ஹோஸ் மாட்டும் கழுத்து எல்லாம் தொட்டால் காய்ந்த சருகாக நொறுங்கும். ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம், இரு பக்கத் தொட்டிகள் பெரும்பாலும் நைலான். ஒட்டிப்போன ஹோஸை ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் அந்தத் தொட்டியின் கழுத்து விரிசல் விடும். எப்படியும் மாற்றப் போகிற ஹோஸ் என்றால் நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்து எடுத்துவிடுங்கள், கழுத்தில் கத்தி ஆழமாகப் படாமல். எஞ்சின் முழுதாக ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம்.

நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத சந்தோஷம் கிடைத்தது கரண்ட் வேலையில். வண்டி காலையில் செல்ஃப் எடுக்கத் திணறியது. பேட்டரி புதியது. விசாரித்த இடத்தில் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொன்னார்கள். மல்டிமீட்டரை எடுத்தேன். வண்டி நின்றிருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட், ஓடும்போது 14க்கு மேல், இரண்டும் சரி. அப்புறம் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறு முனையை எஞ்சின் உடம்பிலும் வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். நல்ல எர்த் (பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) இருந்தால் அந்த நேரத்தில் மீட்டர் அரை வோல்ட்டைக்கூடத் தொடாது. எனக்கு ஒரு வோல்ட்டைத் தாண்டியது. எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் நடுவில் போகும் எர்த் பட்டையின் போல்ட்டைக் கழற்றினால், அடியில் பச்சையும் பழுப்புமாகப் பூத்துக் கிடந்தது. இரண்டு பரப்பையும் பளபளக்கத் தேய்த்து, மறுபடி இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். மோட்டாரைத் தொடவே இல்லை, வண்டி ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. ஹெட்லைட்கூட ஸ்டார்ட் செய்யும்போது முன்போல மங்குவதில்லை.

வண்டியின் கோளாறுக் குறியீட்டைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மட்டும் அளவோடு நம்புங்கள். பி0171 என்று காட்டினால் எஞ்சினுக்குள் போகும் கலவையில் பெட்ரோலுக்குத் தேவையான அளவை விடக் காற்று கூடிவிட்டது என்று அர்த்தம், ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. எங்கோ ஒரு வேக்குவம் ஹோஸில் வெடிப்பு இருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்குப் படிந்திருக்கலாம். வயதான வண்டியில் முதலில் ரப்பரைத் தடவிப் பாருங்கள்.

ஏசி கேஸ், ஏர்பேக், டைமிங் பெல்ட், கிளட்ச் ஆகியவற்றில் நான் கை வைப்பதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பருக்கு என் பதில்: வண்டியை விற்றுவிடுங்கள். நான் சொன்ன நிறைகள் அத்தனையும் உண்மை, ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. ஆனால் அவர் வீட்டில் இருப்பது அந்த ஒரே வண்டிதான், தினமும் காலையில் அது கிளம்பியாக வேண்டும். டிஸ்க் பாதி கழன்ற நிலையில் ஞாயிற்றுக்கிழமை இருட்டிவிட்டால் அடுத்த நாளுக்கு அவரிடம் வழியில்லை. நேரம் இல்லாதவர் கையில் ஆறு முனை சாக்கெட்டும் சுத்தியலும் இருந்தாலும் அவர் செய்யப்போவது அந்தத் துப்பாக்கி செய்கிற வேலையைத்தான். என் வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது. அதனால்தான் என்னால் பொறுமையாக இருக்க முடிகிறது.

அப்படியும் மனது கேட்கவில்லை என்றால், விற்கும் முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். ஓடிய கிலோமீட்டரையோ எஞ்சின் சத்தத்தையோ வைத்து முடிவெடுக்க வேண்டாம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் போய் போல்ட் தலைகளைப் பாருங்கள். பிரேக் பேடைத் தாங்கும் காலிப்பர் பிராக்கெட், லோயர் ஆர்ம், ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட், பிளீடிங் நிப்பிள், இந்த நாலு இடம் போதும். ஆறு பக்கமும் கூராக, மேலே மட்டும் துரு படிந்து நின்றால் முதலில் ஒரு மல்டிமீட்டரும் டார்க் ரெஞ்சும் வாங்குங்கள், மற்ற டூல்ஸ் பற்றி அப்புறம் பேசலாம். மூலைகள் ஏற்கெனவே உருண்டு போயிருந்தால், வருகிற முதல் விலைக்குக் கொடுத்துவிடுங்கள்.