வி-ரே லைட் மிக்ஸ்: எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது

உள்ளறையின் 3டி மாதிரியிலிருந்து படம் உருவாக்கும் ரெண்டர் முடிந்த பிறகுதான் வாடிக்கையாளர் கேட்பார்: "அந்தக் கோவ் லைட்டைக் (கூரை ஓரத்தில் மறைந்திருக்கும் விளக்கு) கொஞ்சம் குறைங்க, தொங்குவிளக்கு மட்டும் தெரியட்டும்." இதற்காக முழுப் படத்தையும் மறுபடி ஓட்டும் வேலையை 2020-இல் வெளிவந்த வி-ரே 5 என்ற ரெண்டரிங் மென்பொருள் பெருமளவு ஒழித்தது. ரெண்டர் எலிமென்ட் (படத்தோடு தனியாகச் சேமிக்கப்படும் அடுக்கு) பட்டியலில் லைட் மிக்ஸைச் சேர்த்து ஒருமுறை ரெண்டர் செய்தால் போதும். ஒவ்வொரு விளக்கின் பங்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படும். ரெண்டரான படம் தோன்றும் ஜன்னலான பிரேம் பஃபரிலேயே அணைக்கலாம், ஏற்றலாம், நிறம் மாற்றலாம். இரவுக் காட்சி, மாலைக் காட்சி என்று ஒரே ரெண்டரிலிருந்து இரண்டு மூன்று படங்கள் எடுக்க இதைவிட வசதி வேண்டியதில்லை.

ஆனால் தவறாக அமைத்த விளக்கை இது காப்பாற்றாது. முதல் சிக்கல் அலகு. ஸ்கெட்ச்அப் என்ற 3டி மென்பொருளில் வி-ரே கேமராவின் எக்ஸ்போஷர் மதிப்பு (எண் ஏற ஏறப் படம் இருளும்) இயல்பாகவே 14-ஐ ஒட்டி இருக்கும். அது வெயிலுக்கான அளவு. அதில் 800 லூமென் பல்பை வைத்தால் அறை கறுப்பாகத்தான் வரும். உடனே லூமெனை லட்சங்களுக்கு ஏற்றுவதுதான் பலர் செய்வது. அதற்குப் பதில் எக்ஸ்போஷரை 6 முதல் 8 வரை இறக்கிப் பாருங்கள், விளக்குகள் நிஜ மதிப்பிலேயே வேலை செய்யும். வாட் அலகும் ஏமாற்றும். இங்கே வாட் என்பது வெளிவரும் ஒளியின் ஆற்றல், மின்செலவு அல்ல. 100 வாட் குண்டு பல்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் தருவது 2, 3 வாட்தான். பெட்டியில் அச்சிட்ட லூமெனையே இடுவது பாதுகாப்பு.

எல்இடி பட்டைக்குச் செவ்வக விளக்கு போடும்போது இன்னொன்றும் உண்டு. வி-ரேயின் இயல்பு அலகில் விளக்கை நீட்டினால் மொத்த ஒளியும் கூடும். லூமெனில் மொத்தம் மாறாது, அதனால் நீட்ட நீட்ட மங்கும். மீட்டருக்கு 1000 லூமென் என்றால் 3 மீட்டருக்கு 3000 என்று நீங்களே பெருக்கிப் போட வேண்டும். சுவரை உரசியபடி வைக்கவும் கூடாது. 2, 3 செ.மீ. தள்ளாவிட்டால் அந்த இடம் வெள்ளையாக வெந்துபோகும். ஐஇஎஸ் விளக்கு (தயாரிப்பாளர் தரும் ஒளிப்பரவல் கோப்பைக் கொண்டு ஒளிர்வது), விளக்குக் கூட்டின் மாடலுக்குள் புதைந்தால் ஒளியே வராது. கண்ணாடி மூடி இருந்தால், ஒளி அதைக் கடந்து வர, அதன் மெட்டீரியலில் 'அஃபெக்ட் ஷேடோஸ்' தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி லைட் மிக்ஸின் எல்லை. நிறம் பெருக்கல் முறையில் மாறுகிறது. சுத்தச் சிவப்பில் ரெண்டர் செய்த விளக்கில் நீலம் பூஜ்யம்; எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ஆகவே நிறத்தைப் பின்னால் முடிவு செய்வதென்றால் விளக்குகளை வெள்ளையிலேயே ரெண்டர் செய்து, 3000 கெல்வின் மஞ்சளை மிக்ஸில் ஏற்றுங்கள். பிரகாசத்தில் இறக்குவது எளிது, ஏற்றுவதுதான் வம்பு: மங்கலாக ரெண்டரான விளக்கை 4 மடங்கு ஏற்றினால் அதன் புள்ளிப்புள்ளியான நாய்ஸும் 4 மடங்கு ஏறும். சந்தேகமுள்ள விளக்கைச் சற்றுத் தூக்கலாகவே ரெண்டர் செய்துகொள்வது நல்லது. இடம், அளவு, நிழலின் மென்மை எதையும் இங்கே தொட முடியாது, மறுரெண்டர்தான்.

ஒளிரும் மெட்டீரியல்கள் எல்லாம் லைட் மிக்ஸில் ஒரே வரிசையில் சேர்ந்துவிடும் என்பது எரிச்சலூட்டும் விஷயம். தனியாகக் கட்டுப்படுத்த வேண்டிய பலகையையோ பல்பையோ மெஷ் லைட்டாக (அந்த வடிவமே ஒரு விளக்காக) மாற்றிவிடுங்கள்.

நினைவகமும் கவனிக்க வேண்டியது. 3840×2160 படத்தில் 32 பிட் அடுக்கு ஒன்று கிட்டத்தட்ட 100 எம்பி. இருபது விளக்குகளைத் தனித்தனியே பிரித்தால் அதுவே 2 ஜிபி. டவுன்லைட்டுகள் ஒரு லேயர், கோவ் ஒரு லேயர், விளக்குத்தூண்கள் ஒரு லேயர் என்று வைத்து, லேயர்வாரியாகத் தொகுத்தாலே போதும். ஒரே வரிசையில் உள்ள எட்டு டவுன்லைட்டைத் தனித்தனியே மாற்றும் தேவை அரிது.

திருப்தியான கலவை கிடைத்ததும் 'டு சீன்' பொத்தான் மதிப்புகளைக் காட்சியிலுள்ள விளக்குகளுக்கே அனுப்பிவிடும். அழுத்துமுன் கோப்பின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். படத்தை ஜேபெக்காக மட்டும் சேமித்தால் அடுக்குகள் போய்விடும். விஆர்இமேஜ் வடிவில் சேமித்தால் அடுத்த வாரமும் திறந்து கலவையை மாற்றலாம்.

கொரோனா என்ற இன்னொரு ரெண்டரிங் மென்பொருளிலும் லைட்மிக்ஸ் உண்டு, பழகுவதும் சுலபம். செலவே வேண்டாமென்றால் இலவச 3டி மென்பொருளான பிளெண்டர் 3.2 முதல் அதன் ரெண்டரரான சைக்கிள்ஸில் லைட் குரூப் வசதி இருக்கிறது. படங்களைக் கலக்கும் பகுதியான கம்போசிட்டரில் கணுக்களை (நோடுகளை) நாமே இணைத்துக் கலக்க வேண்டும், அவ்வளவுதான்.