போடி ஜீப்பும் தலைகீழாய் மாட்டிய கேலிப்பரும்

இந்த முறை ஊருக்குப் போய்வந்ததில் எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் மனசை விட்டுப் போகாமல் நிற்பது ஒன்றுதான். மதுரையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். அத்தனை பேர் வேலை பார்க்கிற இடத்தில், பிரேக்கிலிருந்து காற்றை வெளியே விடும் ஒரு நிப்பிள் மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை.

வண்டி அப்பா வாங்கிய 1994 மாடல் மகிந்திரா எம்எம் 540. பெஜோ டீசல் எஞ்சின், 2112 சிசி. போடிப் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஜீப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறும், சாயங்காலம் ஏலக்காய் மூட்டையோடு இறங்கும். அப்பாவுக்குப் பிறகு தம்பி ஓட்டுகிறான். எஞ்சின் இன்னும் கல்லு மாதிரி நிற்கிறது. பயம் எல்லாம் பிரேக்கில்தான். நாலு சக்கரமும் டிரம் பிரேக், மிதிக்கிற விசையைக் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டர் கிடையாது. மலை மேல் இருக்கும் போடிமெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு. பாதி இறங்குவதற்குள் பெடல் ஆழமாகப் போகத் தொடங்கிவிடும். டிரம் சூடேறி விரியும்போது உள்ளிருந்து அழுத்தும் ஷூவை விட்டு விலகுகிறது, லைனிங்கின் பிடியும் குறைகிறது. மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டினால் டிரம்முக்குள் தண்ணீர் நின்றுகொண்டு ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் பிடிக்காது. ஸ்டியரிங் கையைப் பிடுங்கும்.

அப்பா இரண்டாவது கியரில் போட்டு எஞ்சின் பிடியிலேயே இறக்குவார். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவதோடு சரி. அந்தப் பக்குவம் தம்பிக்கும் உண்டு. ஆனால் அப்போது அந்த ரோட்டில் இத்தனை சுற்றுலா வண்டிகள் கிடையாது. வளைவில் எவன் எப்படி வருவான் என்று தெரியாத காலத்தில் பக்குவத்தை மட்டும் நம்பி ஆள் ஏற்ற முடியாது.

நான் இருப்பது இங்கிலாந்தில், கவன்ட்ரியில். அங்கே பழைய சீரீஸ் லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் முன் சக்கரத்துக்கு டிஸ்க் மாற்றுவது சர்வ சாதாரணம். லேண்ட் ரோவரே 1983இல் ஒன் டென் வண்டியைக் கொண்டுவந்தபோது முன்னால் டிஸ்க் கொடுத்துவிட்டது. அதனால்தான் தம்பியிடம், “செலவு என்னோடது, டிஸ்க் போட்டுடுவோம்” என்றேன்.

ஒர்க்‌ஷாப்பின் பெயர் வேண்டாம். குளிரூட்டிய அறை, கண்ணாடிச் சுவர், காபி மிஷின், வேலை நடக்க நடக்க போனுக்குப் படம் வருகிறது. ஊரில் இப்படியெல்லாம் வந்துவிட்டதே என்று மனசார மகிழ்ந்தேன். டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர், பூஸ்டர், பெடல் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், பின் லைனுக்கு அழுத்தம் குறைக்கும் வால்வு என்று பட்டியல் போட்டார்கள். டிரம்மில் ஷூ சுற்றுகிற போக்கிலேயே தன்னை இழுத்துக்கொண்டு அழுந்தும். டிஸ்க்குக்கு அந்தச் சலுகை இல்லை, முழு அழுத்தமும் பெடலிலிருந்தே வரவேண்டும், அதனால் பூஸ்டர் அவசியம். பூஸ்டர் இயங்க வேக்குவம் வேண்டும், டீசல் எஞ்சினில் அது தானாகக் கிடைக்காது என்பதால் பின்னால் வேக்குவம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டரும் மாற்ற வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். விஷயம் தெரிந்தவர்கள்தான். அதையெல்லாம் ஒழுங்காகவே மாட்டினார்கள்.

வண்டியை எடுக்கப் போனேன். பெடலை மிதித்தால் பஞ்சு. கொழகொழவென்று பாதி தூரம் இறங்கிய பிறகுதான் ஏதோ பிடிக்கிறது. இரண்டாவது தடவை சேர்த்து மிதித்தால் கொஞ்சம் மேலே வருகிறது. பிரேக் லைனுக்குள் ஏர், அதாவது காற்று, இருக்கிறது என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டுமா? சொன்னேன். “எடுத்துட்டோம் சார்” என்றார்கள். மறுபடி எடுத்தார்கள். ஒரு பையன் உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவன் நிப்பிளைத் திறந்து மூட, பிரேக் ஆயில் பாட்டில் பாட்டிலாகப் போனது. பெடல் அப்படியே. சாயங்காலம் மேனேஜர் வந்து, மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே ஆயிலை விடுகிறது, வேறு போட வேண்டும் என்றார். அதற்கும் பணம். புதிதாக அவர்களே போட்ட சிலிண்டர் அது! நான் உள்ளே வந்து பார்க்கிறேன் என்றேன். கஸ்டமருக்கு அனுமதி இல்லை, பாதுகாப்பு விதி என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். அந்த விதி கவன்ட்ரியிலும் உண்டு. ஆனால் அங்கே வேலை முடிந்த பிறகு இன்னொருவர் தாளோடு வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் வருஷாவருஷம் எம்ஓடி என்கிற கட்டாய வாகனச் சோதனை. உருளை மேல் சக்கரத்தை ஏற்றிப் பிடிப்பை அளப்பார்கள். 2010 செப்டம்பருக்கு முன் ரோட்டுக்கு வந்த காராக இருந்தால் வண்டி எடையில் 50 சதவீதத்துக்காவது பிரேக் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஃபெயில். கண்ணாடிச் சுவரையும் காபி மிஷினையும் கொண்டுவந்தவர்கள் அந்தத் தாளையும் கையெழுத்தையும் மட்டும் விட்டுவிட்டார்கள். நம் ஊரில் அதற்குப் பதிலாக ஒரு பழக்கம் இருந்தது. வண்டிக்காரர் மெக்கானிக் பக்கத்திலேயே நிற்பார், ஸ்பேர் கடைக்கு அவரே ஓடுவார், கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பார்ப்பார். இப்போது அதுவும் போய்விட்டது.

வேறு சிலிண்டர் வேண்டாம் என்று கணக்கை முடித்துவிட்டு, வண்டியை ஓட்டாமல் இன்னொரு வண்டியில் ஏற்றிப் போடிக்குக் கொண்டுவந்தோம். அப்பா காலத்திலிருந்து எங்கள் ஜீப்பைப் பார்க்கிற பாய் கடைக்கு. தகரக் கொட்டகை, எண்ணெய் ஊறிய மண் தரை, வாசலில் டீக்கடை. எதுவும் மாறவில்லை.

பாய் பெடலைக் கையால் ஒருமுறை அமுக்கினார். சிலிண்டர் பக்கமே போகவில்லை. நேராக முன் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். கேலிப்பருக்குப் பின்னால் விரலைவிட்டுத் தடவிக்கொண்டே போய் அடியில் நிறுத்தினார்.

“தம்பி, இங்க கை வச்சுப் பாருங்க. நிப்பிள் எங்க இருக்கு?”

அடியில் இருந்தது. ஹோஸ் ஏறுகிற இடம் மேலே, ஏர் எடுக்கும் நிப்பிள் கீழே. இடதுபக்கக் கேலிப்பரை வலதிலும் வலதுபக்கத்தை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். காற்று எப்போதும் மேலேதான் நிற்கும். கீழே இருக்கும் ஓட்டை வழியாக ஒரு டின் ஆயிலை ஓட்டினாலும் மேலே தங்கிய காற்று அசையாது. ஏன் மாற்றி மாட்டினார்கள் என்பதையும் பாயே காட்டினார். அவர்கள் அடித்த பிராக்கெட்டுக்கு ஹோஸ் நீளம் போதவில்லை. பக்கம் மாற்றினால் எட்டுகிறது, அவ்வளவுதான் காரணம்.

அவர் உடனே கேலிப்பரைப் பக்கம் மாற்றவில்லை. முதலில் எனக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தார். கேலிப்பரைப் பிராக்கெட்டிலிருந்து கழற்றி, பிஸ்டன் வெளியே துள்ளாமல் இருக்க இரண்டு பேடுக்கு நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகி, நிப்பிள் மேலே வரும்படி கையில் தூக்கிப் பிடித்தார். நிப்பிளில் கண்ணாடி டியூப், டியூபின் மறுமுனை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள். “அமுக்கு… புடி… விடு” என்றதும் டியூபில் கொப்புளம் கொப்புளமாக வந்தது. பால் நுரை போல, நிற்காமல். மதுரையில் ஒரு நாள் முழுக்க வராத காற்று. அப்புறம் நீளமான ஹோஸ் வாங்கிவரச் சொல்லி, இரண்டையும் சரியான பக்கத்தில் மாட்டி, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமாக இருக்கும் பின்சக்கரத்தில் தொடங்கி முறையாக ஏர் எடுத்தார். பெடல் கல்லாக நின்றது. சிலிண்டரில் ஒரு குறையும் இல்லை.

அதோடு விடவில்லை. ஊருக்கு வெளியே செம்மண் தரைக்கு ஓட்டிப் போய், ஆள் இல்லாத இடத்தில் பிரேக்கை அடித்து நிறுத்தச் சொன்னார். இறங்கி மண்ணில் விழுந்த கோட்டைப் பார்த்தார். பின்சக்கரம் முதலில் லாக் ஆகி இழுத்திருந்தது. இறக்கத்தில், ஈர ரோட்டில் அப்படி ஆனால் வண்டியின் பின்பக்கம் சுழன்றுவிடும். பின் லைன் வால்வை அந்த ஒர்க்‌ஷாப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டியிருந்தது. பாய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, முன்சக்கரக் கோடு முதலில் விழும்வரை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். உருளை மெஷின் நம்பராகக் காட்டுவதை இவர் மண்ணில் படித்தார். எனக்கு எம்ஓடி சோதனை மேல் மரியாதை உண்டு, இன்றும் உண்டு. ஆனால் எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்பதை அன்றைக்கு அந்த மண் தெளிவாகவே காட்டியது.

கூலி என்று அவர் கேட்ட தொகைக்குக் கவன்ட்ரியில் பானெட்டைத் திறந்து மூடக்கூட மாட்டார்கள். அதிகமாகக் கொடுத்தேன். “அப்பா வண்டி தம்பி” என்று பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் மெட்டு ஏறி இறங்கினோம். முந்தல் செக்போஸ்டில் நிறுத்தும்போதும் பெடல் மேலேயே நின்றது.

இன்னும் ஒரு கவலை பாக்கி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரித்த நிறுவனம் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிரேக்கை நல்லதாக மாற்றினால் அது எந்தக் கணக்கில் வரும் என்று மதுரையில் கேட்டேன், பதில் இல்லை. பில்லில் கேலிப்பர் எந்த வண்டியுடையது என்றுகூட எழுதவில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் மறுபதிவு இந்த வண்டிக்கு அடுத்து வருகிறது. எம்எம் 540இல் டிஸ்க் போட்டு அதைத் தாண்டியவர்கள் இருந்தால், இன்ஸ்பெக்டரிடம் என்ன காகிதம் காட்டினீர்கள் என்று எழுதுங்கள். தம்பி அதற்குள் ஆர்டிஓ ஆபீசுக்குப் போய்க் கேட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.