24,500 ரூபாவுக்கு ஒன்பது வருஷத்துப் "புது" டயர்: மலையில் பைக் ஓட்டுகிறவர்கள் வாசியுங்கள்

முழங்காலில் பத்துப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். கோபம் ஆறுமுன் எழுதிவிட வேண்டும். ஆறிவிட்டால் "சரி, போகட்டும்" என்று விட்டுவிடுகிற ஆள் நான். டயர் வாங்கும்போது கவனிக்க வேண்டியதை எல்லாம் கடைசியில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கடைப் பெயரைப் போடவில்லை. மலையகத்து டவுன் ஒன்றில் டயரும் பெட்டரியும் விற்கிற கடை, அவ்வளவுதான்.

என்னுடையது பழைய யமஹா எஃப்இசட் பைக். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து எங்களைப் போன்றவர்களுக்குப் புது பைக் என்ற பேச்சே இல்லை. 2025 இல் திறந்துவிட்டார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே இருப்பதைத் தேய்த்து ஓட்டுகிறோம். பின் டயர் மொட்டையாகிவிட்டது. கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை ஹட்டனிலிருந்து நுவரெலியா, அம்பேவெல போய் அன்றே திரும்புவதாகத் திட்டம். ஆடி மழை வேறு. மொட்டை டயரோடு யாரும் வரக்கூடாது என்று தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். முதலாளி முதலில் கேட்டது டயர் சைஸை அல்ல, "தம்பி எந்தத் தோட்டம்?" என்றுதான். சொன்னேன். அவருடைய மாமியார் வீடு அடுத்த டிவிஷனாம். உடனே ஒரு இஞ்சி பிளேன்டி வந்தது. அங்கேயே நான் பாதி விழுந்துவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். கறுகறு என்று மின்னியது. ரப்பரில் மெல்லிய முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்குமே, அதை விரலால் வருடிக் காட்டினார். "பாருங்க தம்பி, ஒரு முடி உதிரல. ரோட்டையே பாக்காத டயர். நம்ம புள்ளைங்களுக்குப் பொய் சொல்லி நான் எங்க போய்ச் சேர?" தொட்டுப் பார்த்தேன். கையெல்லாம் கறுப்பு, ஒரு இனிப்பு வாடை. புது ரப்பர் வாசம் என்று நினைத்தேன். டயருக்குப் பூசுகிற பொலிஷ் அது. 24,500 ரூபா. பேரம் கூடப் பேசவில்லை. குடித்த பிளேன்டிக்கு மரியாதை.

ஞாயிறு காலை பதினான்கு பைக் புறப்பட்டோம். டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க நிறுத்தினால் சத்தம் மட்டும் கேட்டது, மூடுபனிக்குள் நீர்வீழ்ச்சியைக் காணோம். தலவாக்கலையிலேயே கையுறை நனைந்துவிட்டது. அம்பேவெலவில் விரல் மடங்கவில்லை, கிளச்சை உள்ளங்கையால் பிடித்தேன். அதெல்லாம் சந்தோஷம், அதற்காகத்தானே போகிறோம்.

திரும்பும்போது ரதல்ல குறுக்கு வீதி வேண்டாம், பிரதான வீதியிலேயே இறங்குவோம் என்றார் தலைவர். 2023 ஜனவரியில் ஏழு பேரைப் பலிகொண்ட இறக்கம் அந்தக் குறுக்கு வீதி. நானுஓயா தாண்டி ஒரு வளைவு. வேகம் இருபதுக்கு மேல் இருக்காது. பின் பிரேக்கை மெல்லத் தொட்டேன். பின்பக்கம் சவர்க்காரத்தின் மேல் வைத்ததுபோல் விலகிப் போனது. முழங்கால், கண்ணாடி, ஒரு சிக்னல் லைட், பிரேக் பெடல் எல்லாம் போயிற்று. எதிரே பஸ் வராதது அம்மா கும்பிட்ட சாமி புண்ணியம்.

தேத்தண்ணிக் கடை ஓரமாக பைக்கை நிறுத்தி, தலைவர் போன் லைட்டை அடித்துப் பின் டயரைப் பார்த்தார். மழையில் பொலிஷ் கழுவிப் போயிருந்தது. பள்ளங்களுக்குள்ளே மெல்லிய வெடிப்புகள், கொழுந்து பறித்துத் தேய்ந்த என் அம்மாவின் குதிக்கால் மாதிரி. அப்புறம் செயின் பக்கத்துச் சேற்றைத் துடைத்தார். ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 3116. "2016 ஆம் வருஷம் முப்பத்தோராவது கிழமை செஞ்சதுடா" என்றார். ஒன்பது வருஷம்! ரோட்டைப் பார்க்காத டயர் என்றது பொய்யே இல்லை. ஒன்பது வருஷம் எங்கேயோ கிடந்து இறுகிப்போன டயர். இறுகிய ரப்பர் குளிரில் இன்னும் இறுகும், ஈர ரோட்டில் பிடிக்காது.

திங்கள் போன் எடுத்தேன். முதலாளி கொழும்புக்குப் போயிருக்கிறாராம். மாலையில் எடுத்தால், "காத்து எவ்வளவு அடிச்சீங்க?" படம் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது, பதில் இல்லை. செவ்வாய் நொண்டிக்கொண்டு நேரிலேயே போனேன். கொழும்புக்குப் போன ஆள் கல்லாவில் இருக்கிறார். தோட்டமும் மாமியார் வீடும் மறந்துவிட்டன. "ஓடின டயர எப்படிங்க திருப்பி எடுக்கிறது? மழையில பாத்து ஓட்டணும்." தம்பி 'ங்க' ஆகிவிட்டேன். 24,500 ரூபாவில் பாதியாவது தாருங்கள் என்றேன். அதற்குள் அடுத்த வாடிக்கையாளருக்கு பிளேன்டி வந்துவிட்டது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, 1977 என்ற போன் இலக்கத்துக்கு, முறைப்பாடு கொடுக்கலாம் என்று பில்லை எடுத்தேன். "டயர் 1 - 24,500". டயரின் பெயர் இல்லை, சைஸ் இல்லை, ஒன்றுமே இல்லை. வாங்கும்போது அதைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

சரி, கவனிக்க வேண்டியவை. அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு கிழமை, அடுத்த இரண்டு வருஷம். சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், திருப்பிப் பாருங்கள், பூட்டுவதற்கு முன்னே பாருங்கள். முடியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பில்லில் அந்த இலக்கத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதமாட்டேன் என்றால் பிளேன்டியை வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். இன்னும் இருக்கிறது, முழங்கால் விண்விண் என்கிறது, எழுத முடியவில்லை.

சனிக்கிழமை தலைவரோடு திரும்ப அந்தக் கடைக்குப் போகிறேன். 24,500 ரூபா, என் ஒன்றரைக் கிழமைச் சம்பளம்.