மாஸ்க், டெஸ்ட், தடுப்பூசி: அலையின் நடுவே எது எப்போது கைகொடுக்கும்?

ஒவ்வொரு கொரோனா அலையிலும் ஒரே வாக்குவாதம் திரும்பத் திரும்ப வந்தது. "ஊசி போட்டாச்சே, இன்னும் எதுக்கு மாஸ்க்?" என்பார் ஒருவர். "டெஸ்ட் நெகட்டிவ், அப்புறம் என்ன பயம்?" என்பார் இன்னொருவர். "மாஸ்க்கை ஒழுங்காகப் போட்டால் போதும், ஊசியே வேண்டாம்" என்பவர்களும் உண்டு. மூன்றில் ஒன்று இருந்தால் மற்றவை தேவையில்லை என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. எது எத்தனை சதவீதம் காக்கும் என்று பட்டியல் போடுவதைவிட, எது எவ்வளவு நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும், எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டுப் பாருங்கள். குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். மாஸ்க் முகத்தில் ஏறிய நொடியில் வேலையைத் தொடங்கும், கழற்றிய நொடியில் நிறுத்திவிடும். டெஸ்ட் முடிவு அன்றைய பொழுதுக்கு மட்டுமே செல்லும். தடுப்பூசி பலன் தர இரண்டு வாரம் எடுக்கும், ஆனால் மாதக்கணக்கில் நிற்கும்.

துணியா, சர்ஜிக்கலா, என்95ஆ?

துணி மாஸ்க்கை முதலில் ஒதுக்கிவிடலாம். 2020 தொடக்கத்தில் மருத்துவப் பணியாளர்களுக்கே முகக்கவசம் கிடைக்காமல் திண்டாடிய நேரத்தில் அது ஒரு தற்காலிக ஏற்பாடு. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் பொதுமக்களுக்கு மூன்றடுக்குத் துணி மாஸ்க்கைப் பரிந்துரைத்ததும் அந்தச் சூழலில்தான். வேறு எதுவும் கையில் இல்லையென்றால் வெறும் முகத்தைவிட அது மேல், அவ்வளவுதான்.

உண்மையான போட்டி சர்ஜிக்கலுக்கும் என்95க்கும் நடுவில்தான். பலர் நினைப்பதுபோல வித்தியாசம் முழுக்க வடிகட்டும் துணியில் இல்லை. நல்ல சர்ஜிக்கல் மாஸ்க்கின் நடு அடுக்கும் என்95இன் நடு அடுக்கும் ஒரே குடும்பம்: பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி ஊதிச் செய்த நுண்ணிழைப் படலம். வித்தியாசம் ஓரத்தில் இருக்கிறது. சர்ஜிக்கல் மாஸ்க் கன்னத்தின் இருபுறமும் வாய் திறந்து நிற்கும். மூச்சுக்காற்று எளிதான வழியைத் தேடி அந்த இடைவெளியில் புகுந்துவிடும். வடிகட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதன் வழியாகப் போகாத காற்றை அது என்ன செய்ய முடியும்?

"வைரஸோ 0.1 மைக்ரான்தான், மாஸ்க்கின் துளை அதைவிடப் பெரிது, எப்படித் தடுக்கும்?" என்று அடிக்கடி கேட்கப்பட்டது. நியாயமான கேள்விதான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). முதலாவது, வைரஸ் தனியாகப் பறப்பதில்லை, மூச்சில் வரும் ஈரத்துகளுக்குள் இருந்தபடி வருகிறது. இரண்டாவது, மாஸ்க் சல்லடை இல்லை. பெரிய துகள்கள் இழைகளில் நேரே மோதிச் சிக்கும். மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்து அங்குமிங்கும் அலைந்து கடைசியில் ஏதோ ஓர் இழையில் ஒட்டிக்கொள்ளும். தப்பிக்க அதிக வாய்ப்புள்ளது இரண்டுக்கும் இடைப்பட்ட 0.3 மைக்ரான் சுற்றுவட்டாரம்தான். அதனால்தான் சோதனைக்கு அந்த அளவை எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கத் தரமான என்95 அதில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும். ஐரோப்பாவின் எஃப்எஃப்பி2, கொரியாவின் கேஎஃப்94 இரண்டுக்கும் 94 சதவீதம், சீனாவின் கேஎன்95க்கு 95. இந்த ஒன்றிரண்டு சதவீத வித்தியாசத்தை வைத்து மாஸ்க் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் முகத்தில் எது ஒட்டி உட்காருகிறதோ அதுவே சிறந்தது.

இழைகளில் ஏற்றியிருக்கும் நிலைமின்னூட்டமும் துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பு, ஆல்கஹால் பட்டால் அந்த மின்னூட்டம் போய்விடும். என்95ஐத் துவைத்துப் போடுபவர் அதன் பெயரை மட்டும்தான் அணிந்திருக்கிறார். திரும்பப் பயன்படுத்த வேண்டுமென்றால் காகித உறையில் போட்டுச் சில நாள் காயவிட்டு, இரண்டு மூன்றை மாற்றி மாற்றி அணியலாம். பட்டை தளர்ந்தாலோ அழுக்கேறினாலோ தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

அணியும் விதத்திலும் கவனம் வேண்டும். மேல்பட்டை உச்சந்தலையின் பின்பக்கம், கீழ்ப்பட்டை காதுகளுக்குக் கீழே பிடரியில். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் தாடைப்பக்கம் விட்டுவிடும். மூக்கின் மேலுள்ள உலோகப் பட்டையை ஒரு கையால் கிள்ளக்கூடாது. நடுவில் கூராக மடிந்து இருபுறமும் இடைவெளி விழும். இரண்டு கைகளின் விரல்நுனிகளையும் மூக்குத்தண்டில் வைத்து, இருபக்கமும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே வரவேண்டும். பிறகு இரு உள்ளங்கையாலும் மாஸ்க்கை மூடி வேகமாக மூச்சுவிட்டுப் பாருங்கள். கண்ணில் காற்று அடித்தால், மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால், மறுபடி சரிசெய்ய வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. மூச்சு விடுவதற்கு வால்வு வைத்த மாஸ்க் அணிபவரைக் காக்கும். ஆனால் அவர் விடும் காற்று வடிகட்டப்படாமல் எதிரில் இருப்பவருக்குப் போகும்.

சர்ஜிக்கல் மட்டும்தான் இருக்கிறதா? ஓரத்தை அடையுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வகச் சோதனையில், எதிரில் இருப்பவர் மாஸ்க் போடாத நிலையில், சர்ஜிக்கல் மாஸ்க்கின் காதுக்கயிற்றை ஓரத்தில் முடிச்சிட்டு மடிப்பை உள்ளே செருகியது துகள் வரவை 64 சதவீதம் குறைத்தது. சர்ஜிக்கலுக்கு மேல் துணி மாஸ்க் போட்டது 83 சதவீதம் குறைத்தது. இருவருமே அப்படி அணிந்தபோது 95 சதவீதத்தைத் தாண்டியது. பொம்மைத் தலைகளை வைத்துச் செய்த சோதனைதான். ஆனாலும் ஓரத்தின் அருமையை அது தெளிவாகக் காட்டுகிறது.

மாஸ்க் வேண்டாம் என்பவர்கள் காட்டும் இரண்டு ஆய்வுகளையும் பார்த்துவிடலாம். டென்மார்க்கில் 2020இல் சுமார் 6000 பேரிடம் நடந்த ஆய்வில், மாஸ்க் குழுவில் 1.8 சதவீதத்தினருக்கும் மற்ற குழுவில் 2.1 சதவீதத்தினருக்கும் தொற்று. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த ஆய்வு அணிபவரை மட்டுமே கணக்கில் எடுத்தது, அவர் மற்றவருக்குப் பரப்பாமல் இருந்ததை அளக்கவில்லை. வங்கதேசத்தில் சுமார் 600 கிராமங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியுடன் கூடிய தொற்று 11 சதவீதம் குறைந்தது, 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம். "வெறும் 11தானா?" என்று கேட்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த முயற்சி மாஸ்க் அணிபவர்களை 13 சதவீதத்திலிருந்து 42 ஆக்கியது. பாதிப் பேர்கூட அணியாத ஊரில் கிடைத்த பலன் அது.

ஆன்டிஜெனா, ஆர்டிபிசிஆரா?

டெஸ்ட் எதையும் தடுக்காது, சொல்ல மட்டுமே செய்யும். அதனால் எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்பதைப் பொறுத்தே எதை எடுப்பது என்று முடிவாகும்.

ஆர்டிபிசிஆர் வைரஸின் மரபுப்பொருளை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கிப் பெருக்குகிறது. 30 சுற்றில் ஒன்று நூறு கோடியாகிவிடும். துளி இருந்தாலும் கண்டுபிடித்துவிடும் என்பது அதன் பலம், அதுவே அதன் தொல்லையும்கூட. குணமாகிப் பரப்பும் நிலை கடந்த பிறகும் மிச்சமிருக்கும் துணுக்குகளால் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். "எனக்குத் தொற்று வந்திருக்கிறதா?" என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. "இப்போது நான் மற்றவருக்குப் பரப்புவேனா?" என்ற கேள்விக்கு ஆன்டிஜென் டெஸ்ட்தான் பொருத்தம். வைரஸின் புரதம் கணிசமாக இருந்தால்தான் அதில் கோடு விழும். வைரஸ் அதிகமாக இருக்கும் நாட்கள்தான் பரப்பும் நாட்களும்.

ஆன்டிஜெனின் குறை தவறவிடுவது. பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி, அறிகுறி உள்ளவர்களில் சராசரியாக 73 சதவீதத்தை அது கண்டுபிடித்தது, அறிகுறி இல்லாதவர்களில் சுமார் 55 சதவீதத்தை. ஆனால் தொற்று இல்லாதவரைத் தவறாகப் பிடிப்பது அரிது: 99.6 சதவீதம் சரி.

இந்த எண்களை அலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அலையின் உச்சத்தில் இருமலோடு வந்த 1000 பேரில் 200 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். ஆன்டிஜென் 146 பேரைப் பிடிக்கும், தொற்றில்லாத 3 பேரைத் தவறாகச் சேர்த்துக்கொள்ளும். ஆக, பாசிட்டிவ் என்றால் ஏறக்குறைய உறுதி. மீதி 54 பேர் "நெகட்டிவ்" என்று நிம்மதியாகக் கிளம்பிவிடுவார்கள். அலை ஓய்ந்த பிறகு 1000 பேரில் 5 பேருக்குத்தான் தொற்று என்றால் கதை தலைகீழ்: பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தொற்றே இருக்காது. அதனால் அலைக்காலத்தில் பாசிட்டிவை உடனே நம்புங்கள், ஒற்றை நெகட்டிவை நம்பாதீர்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் சொன்ன வழி எளிது: அறிகுறி இருந்தால் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை, இல்லாவிட்டால் அதே இடைவெளியில் மூன்று முறை.

கிட்டைப் படிப்பதில் ஒரு விஷயம். கிட் சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் சி கோடு விழவில்லையென்றால் அந்தக் கிட் செல்லாது. சி விழுந்து, தொற்றைக் காட்டும் டி பக்கம் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு மங்கலாக ஒரு கோடு இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். "லேசாகத்தானே இருக்கு" என்று தள்ளிவிட்டுப் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குப் போகாதீர்கள். அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும், மணிக்கணக்கில் கழித்துத் தோன்றும் கோட்டுக்கு அர்த்தமில்லை.

ரத்தத்தில் எதிர்ப்புரதம் பார்க்கும் ஆன்டிபாடி டெஸ்ட் இந்தப் போட்டியிலேயே இல்லை. அது பழைய தொற்றையோ தடுப்பூசியின் விளைவையோ காட்டும், இன்றைய தொற்றைக் காட்டாது.

தடுப்பூசி: எதை எதிர்பார்க்கலாம்?

2020 நவம்பரில் ஃபைசர் தடுப்பூசி 95 சதவீதம் பலன் தருகிறது என்ற செய்தி வந்தபோது, தொற்றே வராது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அந்த எண் அறிகுறியுடன் கூடிய நோயைப் பற்றியது, அதுவும் முதலில் பரவிய வகைகளுக்கு எதிரானது. ஓமிக்ரான் என்ற புதிய வகை வந்ததும் நிலைமை மாறியது. இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், இரண்டு தவணை ஃபைசர் ஓமிக்ரான் அறிகுறி நோய்க்கு எதிராக முதல் சில வாரங்களில் சுமார் 65 சதவீதம் காத்தது, ஆறு மாதத்துக்குப் பிறகு 10 சதவீதத்துக்கும் கீழே போனது. இதை வைத்து "ஊசியால் என்ன பயன்?" என்று கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி பெரிய வருத்தம் தந்தது, ஏனென்றால் ஊசி போடாமல் இருந்த முதியவர்களின் கதை 2022 தொடக்கத்தில் ஹாங்காங்கில் நடந்தது. அங்கே ஓமிக்ரான் அலையில் இறந்தவர்களில் பெரும்பாலானோர் தடுப்பூசி முழுமையாகப் போடாத முதியவர்கள்.

ஊசிகளுக்குள் எது மேல் என்ற விவாதத்துக்கும் பதில் அங்கேயே கிடைத்தது. 60 வயதைத் தாண்டியவர்களில், கடும் நோய்க்கும் மரணத்துக்கும் எதிராக, இரண்டு தவணை எம்ஆர்என்ஏ ஊசி (ஃபைசர் இந்த வகை) சுமார் 89 சதவீதமும், செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்ட சீன ஊசியான கொரோனாவேக் சுமார் 70 சதவீதமும் காத்தன. மூன்றாம் தவணைக்குப் பிறகு இரண்டும் 98 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டன. ஆக, எந்த ஊசி என்பதைவிட எத்தனை தவணை, வயதானவர்களுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே பெரிய கேள்வி. பக்கவிளைவுகளும் உண்மை. எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு இளம் ஆண்களிடம் அரிதாக இதயத்தசை அழற்சி, கோவிஷீல்டு போன்ற அடினோ வைரஸ் வகை ஊசிக்குப் பிறகு அரிதாக ரத்த உறைவு. அதனால்தான் சில நாடுகள் வயதுக்கேற்ற ஊசியை மாற்றிக் கொடுத்தன. மறுபுறம், முதல் ஓராண்டில் மட்டும் உலகெங்கும் தடுப்பூசிகள் 1 கோடியே 40 லட்சத்துக்கும் அதிகமான உயிர்களைக் காத்ததாக லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால்

இந்த இடத்தில்தான் மூன்றின் நேரக் கணக்கும் கண்முன் வரும். வீட்டில் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்று தெரிந்த அன்று பாட்டிக்கு ஊசி போட ஓடினால், அந்த ஊசி இந்தத் தொற்றுக்கு உதவாது; ஓமிக்ரான் பெரும்பாலும் மூன்று நாளில் அறிகுறி காட்டிவிடும். அது அலைக்கு முன்பே முடித்திருக்க வேண்டிய வேலை. அன்று உதவக்கூடியது மாஸ்க்கும் திறந்த ஜன்னலும். நோயாளியும் கவனிப்பவரும் இருவருமே என்95 போட வேண்டும். மற்றவர்கள் ஒரு நெகட்டிவை நம்பாமல் இரண்டு நாள் விட்டு மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும்.

உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால் இந்தக் கவனம் இன்னும் கண்டிப்பாக வேண்டும். அவர்களுடைய உடல் தடுப்பூசிக்கு முழுமையாகப் பதிலளிக்காமல் போகலாம். ஆகவே அவர்களைச் சுற்றியிருப்பவர்களின் ஊசியும் மாஸ்க்கும்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

பாட்டிக்கே காய்ச்சல் என்றால் டெஸ்ட்டின் மதிப்பு வேறு. பாக்ஸ்லோவிட் போன்ற கொரோனா மாத்திரையை அறிகுறி தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். தடுப்பூசி போடாத, ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் நடந்த பரிசோதனையில் அது மருத்துவமனை சேர்க்கையையும் மரணத்தையும் சுமார் 88 சதவீதம் குறைத்தது. முதல் நாள் ஆன்டிஜென் நெகட்டிவ் என்று விட்டுவிட்டு, நாலாம் நாள் மூச்சு வாங்கிய பிறகு ஆர்டிபிசிஆர் கொடுத்தால், முடிவு வருவதற்குள் அந்த 5 நாளும் கழிந்துவிடும். எழுபது வயதைத் தாண்டியவருக்கு அலைக்காலத்தில் தொண்டை கரகரத்தாலே அன்றைக்கே ஆன்டிஜென் பாருங்கள், நெகட்டிவ் என்றால் அதே நாளில் ஆர்டிபிசிஆருக்கும் கொடுத்துவிடுங்கள். முடிவு வருவதற்குள் அவர் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை எழுதி மருத்துவரிடம் கொடுங்கள், ஏனென்றால் பாக்ஸ்லோவிட் பல இதய மருந்துகளோடும் கொலஸ்ட்ரால் மருந்துகளோடும் ஒத்துப்போகாது.